உடைந்த கைப்பிடியை ஒட்டுவதற்கு முன்

கேள்வி: 2006இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று என்னிடம் உள்ளது. ஓடியது 62,000 கிலோமீட்டர்தான். இன்ஜினில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உள்ளே ஒவ்வொன்றாக உடைந்து வருகிறது. ஓட்டுநர் கதவின் உள் கைப்பிடி கையோடு வந்துவிட்டதால், கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுக் கதவைத் திறக்கிறேன். பின்னால் இடப்பக்கக் கதவும் உள்ளிருந்து திறப்பதில்லை. கிளவ் பாக்ஸ் மூடி ஒரு பக்கமாகத் தொங்குகிறது. முதலில் ஃபெவிக்விக், பிறகு அரால்டைட் போட்டேன், இரண்டும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏ.சி. காற்று வரும் இடத்தில் இரண்டு தகடுகள் விழுந்துவிட்டன. கூரைத் துணி தலையில் உரசுகிறது. முன்பக்க இடது கண்ணாடியின் சுவிட்ச் நான்கு முறை அழுத்தினால் ஒரு முறைதான் வேலை செய்கிறது. பணிமனையில் இரண்டு கதவுகளுக்கும் லாக், டோர் பேட் (கதவின் உட்பக்கத்தை மூடும் பலகை) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மகன் காரையே விற்கச் சொல்கிறான். என் அண்ணன் ரேடியோ பழுது பார்த்தவர், அவருடைய சால்டரிங் அயர்ன் வீட்டில் இருக்கிறது. இவற்றில் எதையெல்லாம் நானே செய்துகொள்ளலாம்? — வாசகி ஒருவர், காக்ஸ் டவுன், பெங்களூரு.

பதில்: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் எழுதியிருப்பவற்றில் ஒன்று அவசரம். ஒன்று அநேகமாகக் குறையே அல்ல. ஒன்றை நீங்கள் தொட வேண்டாம். மற்றவை ஞாயிற்றுக்கிழமை மதிய வேலைகள்.

அவசரமானது ஓட்டுநர் கதவின் கைப்பிடி. கையை வெளியே நீட்டித் திறப்பது பழகிவிட்டால் சிரமமாகவே தெரியாது. அப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஆனால் உங்கள் முன்கதவுக் கண்ணாடி மின்சாரத்தில் இறங்குகிறது. பேட்டரி ஓய்ந்துபோன நாளிலோ, மோதலில் ஒரு வயர் அறுந்துவிட்டாலோ, மழையில் இந்த ஊர்ச் சுரங்கப்பாதை ஒன்றில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுபோனாலோ, அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க உங்களுக்கு வழியில்லை. ஆகவே இந்த ஒரு பாகத்தை மட்டும் எந்தப் பசையாலும் ஒட்டாதீர்கள். ஒட்டிய கைப்பிடி சாதாரண நாளில் நன்றாகவே திறக்கும். பதற்றத்தில் முழு பலத்தோடு இழுக்கும்போதுதான் கையோடு வரும். புதியதை வாங்கிப் பொருத்துங்கள். பொருத்தும் வேலையை நீங்களே செய்யலாம், அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பின்கதவுக்கு வருவோம். லாக் மாற்றுவதற்குப் பணம் கொடுக்கும் முன், அந்தக் கதவை வெளியிலிருந்து திறந்து, லாக் பதிந்திருக்கும் விளிம்பைப் பாருங்கள். அங்கே சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிறிய நெம்பு தெரியும்; பக்கத்தில் ஒரு குழந்தையின் உருவமோ அம்புக்குறியோ பொறித்திருக்கும். அதுதான் குழந்தைகள் ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிடாமல் இருப்பதற்கான பூட்டு. அது போட்டிருந்தால் உள் கைப்பிடியை எத்தனை முறை இழுத்தாலும் கதவு திறக்காது, வெளியிலிருந்து தாராளமாகத் திறக்கும். உங்கள் கதவு செய்வது அச்சு அசலாக அதுதான். வண்டியைத் துடைக்கும்போது துணி பட்டு அது தானாக விழுவதும் உண்டு, உங்கள் மகன் சிறுவனாக இருந்தபோது போட்டதை யாரும் எடுக்காமல் விட்டிருப்பதும் உண்டு. ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் திறக்கவில்லை என்றால் மட்டுமே அந்தக் கதவைப் பிரிக்க வேண்டும்.

இனி ஓட்டுநர் கதவு. புதிய கைப்பிடியை மாட்டுவதற்கு முன், பழையது ஏன் உடைந்தது என்று கேட்க வேண்டும். பழைய கார்களின் உட்புறத்தைப் பழுது பார்ப்பதில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: உடைந்த பாகம் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. வெயிலும் வயதும் பிளாஸ்டிக்கைப் பலவீனப்படுத்துகின்றன என்பது உண்மையே. ஆனாலும் அதை முறிப்பது அதன் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்றின் இறுக்கம். கதவு லாக்கினுள் போட்ட கிரீஸ் இருபது ஆண்டுகளில் தூசியோடு கலந்து பிசினாகிவிடும். முதலில் இரண்டு விரலால் இழுத்தால் திறந்த கதவு, பிறகு நான்கு விரல் கேட்கும், பிறகு தோளைக் கொடுத்து இழுக்க வைக்கும். இது சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. கடைசியில் ஒருநாள் சுழலும் ஊசி இருக்கும் இடத்தில் கைப்பிடி முறிகிறது. அந்த இறுக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிய கைப்பிடியை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். பிறகு 'டூப்ளிகேட் சாமான்' என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

லாக் இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது எளிது. கதவை நன்றாகத் திறந்து வைத்து, கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள். கதவின் விளிம்பில் நண்டுக் கொடுக்கு போல ஒரு இரும்பு நாக்கு தெரியும். கதவு மூடும்போது சட்டத்தில் இருக்கும் வளையத்தைக் கவ்விக்கொள்வது அதுதான். ஸ்க்ரூ டிரைவரால் அந்த நாக்கை உள்ளே தள்ளினால் 'டக் டக்' என்று இரண்டு சத்தத்தோடு மூடிய நிலைக்குப் போய் நிற்கும். இப்போது வெளிக் கைப்பிடியை மெதுவாக இழுங்கள். நல்ல லாக்கில் நாக்கு ஸ்பிரிங்கின் வேகத்தில் சட்டென்று துள்ளித் திறக்கும்; இறுகிய லாக்கில் தூங்கி எழுவதுபோல் மெதுவாக நகரும், அல்லது பாதியில் நின்றுவிடும். அப்படி நின்றால் டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரேயை அந்த வாய்க்குள் அடித்து, பழைய அழுக்கு கறுப்பாக வழிந்து ஓயும் வரை நாக்கைப் பலமுறை மூடித் திறந்து, துடைத்து, அதன்பின் வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். ஸ்பிரே அழுக்கைக் கழுவத்தான் உதவும், கிரீஸின் வேலையை அது நெடுநாள் செய்யாது. ஒரு எச்சரிக்கை: நாக்கு மூடிய நிலையில் இருக்கும்போது மறந்து கதவைச் சாத்திவிடாதீர்கள். அது வளையத்தின் மேல் இரும்போடு இரும்பாக மோதும். எப்போதும் கைப்பிடியை இழுத்து நாக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே சாத்த வேண்டும்.

அடுத்து டோர் பேடைக் கழற்றுவது. சில கார்களில் கைப்பிடியின் சட்டம் ஒரே திருகில் நின்று, டோர் பேடைக் கழற்றாமலே வெளியே வந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள். கழற்றத்தான் வேண்டும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடமாவது காத்திருங்கள். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டு என்றால் அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுபடி இணைக்கும்போது அது எண்ணைக் கேட்டு அடம்பிடிக்கும். ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலையில்தான் புதிய கார்களில் கட்டாயமானது என்பதால் 2006ஆம் ஆண்டுச் சிறிய காரில் அது இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஸ்டீயரிங் நடுவிலோ டேஷ்போர்டிலோ ஏர்பேக் இருப்பதைக் காட்டும் 'எஸ்.ஆர்.எஸ்.' என்ற எழுத்து பொறித்திருந்தாலும், மஞ்சள் நிற வயர் இணைப்பு எதையாவது கண்டாலும், அந்தப் பகுதியில் கைவைக்காமல் அதற்குரிய பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

டோர் பேடை இழுப்பதற்கு முன் எல்லாத் திருகுகளையும் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பிடிக் குழிக்குள் ஒன்று, கைவைக்கும் பகுதிக்கு அடியில் ஒன்றோ இரண்டோ, கண்ணாடிக்கு அருகே முக்கோண மூடிக்குள் ஒன்று, விளிம்பில் சில என்று அவை ஒளிந்திருக்கும்; அவற்றில் சிலவற்றை நகத்தளவு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், அப்படிப்பட்ட மூடி ஒன்றைக் கவனிக்காமல் வேகமாக இழுத்து, ஒரு வாடிக்கையாளரின் டோர் பேடை நடுவில் பிளந்துவிட்டேன். அதன் விலையை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்று முதல் இழுக்கும்போது ஓரிடத்தில் மட்டும் வரமாட்டேன் என்று நின்றால் பலத்தைக் கூட்டுவதில்லை, டார்ச்சை எடுத்துக்கொள்கிறேன்.

திருகுகள் போனபின் டோர் பேடைப் பிடித்திருப்பவை ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளே. கைவிரலையோ, துணி சுற்றிய தட்டையான மரத்துண்டையோ ஒரு கிளிப்புக்கு மிக அருகில் கொடுத்து நெம்புங்கள். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில் நெம்பினால் பலகைதான் உடையும். கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி எல்லாக் கிளிப்புகளும் விட்ட பிறகு, பேடை மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்திலிருந்து கழன்று வரும். பின்னால் சுவிட்ச் வயர் மாட்டியிருக்கும் என்பதால் தூக்கியவுடன் தொலைவாக இழுத்துவிடாதீர்கள். (பின்கதவைப் பிரிக்க நேர்ந்தால், கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்குத் திருகு தெரியாது, அதன் பின்னால் ஒரு கம்பி கிளிப் இருக்கும். பழைய பனியன் துணியை நீளமாகக் கிழித்து, கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவில் நுழைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால், அந்தக் கிளிப் துணியில் மாட்டித் தெறித்து வெளியே வரும். தெறிக்கும் இடத்தை ஒரு கையால் மூடிக்கொள்ளாவிட்டால் சீட்டுக்கடியில் அரைமணி நேரம் தேட வேண்டியிருக்கும்.)

உள்ளே தெரியும் கேபிள் அல்லது கம்பி எந்தக் கொக்கியில் எப்படி மாட்டியிருக்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் மேல் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைச் சில பணிமனைகளில் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீரை டோர் பேடிலும் கார் தரையிலும் படாமல் கீழே வடியவைப்பது அந்தத் தாள்தான். அது போன காரில் டோர் பேட் ஊறி உப்பி, கிளிப் பிடிக்கும் துளைகள் தளர்ந்துவிடும். தரை விரிப்பு நாறும். புதிய கைப்பிடியை மாட்டியதும், பேடைப் போடுவதற்கு முன்பே, கதவு திறந்திருக்கும் நிலையில் முன்பு சொன்ன ஸ்க்ரூ டிரைவர் சோதனையை உள் கைப்பிடியை வைத்துப் பத்து முறை செய்து பாருங்கள். பிறகு கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு முதல் முறை கதவைச் சாத்துங்கள்.

கிளவ் பாக்ஸில் ஃபெவிக்விக்கும் அரால்டைட்டும் தோற்றதற்கு உங்கள் கைவேலை காரணமல்ல. காரின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் அல்ல. மூடியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு அம்பு முனைகளுக்கு நடுவே சில எழுத்துகள் பொறித்திருக்கும். அங்கே 'பி.பி.' என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். மெழுகு தடவியதுபோன்ற அதன் மேற்பரப்பில் எந்தச் சாதாரணப் பசையும் ஊன்றுவதில்லை. காய்ந்த பிறகு அரால்டைட் ஏடுபோல முழுதாக உரிந்து வந்திருக்குமே, அதுதான் அடையாளம். 'ஏ.பி.எஸ்.' என்றிருந்தால் ஒட்டும். சுவிட்சுச் சட்டம், மீட்டரைச் சுற்றிய சட்டம், ஏ.சி. வாய் ஆகியவை பெரும்பாலும் அந்த வகை. 'பி.ஓ.எம்.' என்பது கிளிப், பல்சக்கரம் போன்றவற்றில் வருவது. அதை ஒட்டவும் முடியாது, சூடாக்கினால் கண்ணைக் கரிக்கும் நச்சுப் புகை வரும் என்பதால் உருக்கவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். எழுத்தே இல்லாத பாகமாக இருந்தால், வெளியே தெரியாத ஓரத்தில் பஞ்சில் நனைத்த அசிட்டோனை ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துப் பாருங்கள். ஏ.பி.எஸ். உடனே பிசுபிசுக்கும், பாலிபுரொப்பிலீன் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பாலிபுரொப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், ஏ.பி.எஸ். மூழ்கும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். கார் விஷயத்தில் அதை நம்ப வேண்டாம். கார்ப் பாகங்களில் பாலிபுரொப்பிலீனோடு டால்க் மாவைக் கலந்திருப்பார்கள். 20 சதவீதம் கலந்தது தண்ணீரைவிடக் கனமாகி மூழ்கிவிடும்.

உங்கள் மூடி பாலிபுரொப்பிலீன்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இதற்குத்தான் உங்கள் அண்ணனின் சால்டரிங் அயர்ன். ஒட்டிய பசையை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசல் முடியும் இடத்தில் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். விரிசல் அதைத் தாண்டி ஓடாது. பின்பக்கத்தில் விரிசலின் இரு கரைகளையும் கத்தியால் சற்றே சாய்வாகச் சீவி, ஒரு பள்ளம்போல் ஆக்குங்கள். ஜன்னலுக்கு அடிக்கும் எஃகுக் கொசுவலையில் ஒரு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டி, விரிசலின் மேல் வைத்து, அயர்னின் தட்டைப் பக்கத்தால் மெதுவாக அழுத்துங்கள். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். பழைய சால்டரிங் அயர்னின் முனையோ 300 டிகிரியைத் தாண்டிவிடும். ஆகவே புகை கிளம்பினால் பிளாஸ்டிக் கருகுகிறது என்று பொருள், பிளக்கைப் பிடுங்கிச் சற்று ஆறவிட்டுத் தொடருங்கள். வலையின் கண்களுக்குள் பிளாஸ்டிக் பொங்கி மேலே வந்ததும், அதன் மேல் அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி மூட வேண்டும். அதற்கு ஓட்டலிலிருந்து பார்சல் வரும் டப்பாக்களில் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருப்பதை எடுத்து, கத்தரிக்கோலால் மெல்லிய நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள், அதுவும் பாலிபுரொப்பிலீனே. தரம் சற்று வேறுதான் என்றாலும், கண்ணில் படாத பின்பக்கத்துக்கு அது போதும். மொட்டைமாடியிலோ, ஜன்னல் திறந்த அறையிலோ செய்யுங்கள். முனையை பிறகு வயர் ஒட்டப் பயன்படுத்த முடியாது என்பதால், அண்ணனின் நல்ல முனையைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளுங்கள்.

உடைந்தது மூடி அல்ல, கீழே அது சுழலும் பிளாஸ்டிக் ஊசி என்றால் வேலை இன்னும் எளிது. மிச்சமிருக்கும் குமிழைத் தட்டையாக வெட்டிவிட்டு, அதே மையத்தில் துளையிட்டு, சைக்கிள் ஸ்போக் கம்பியில் ஒரு துண்டைச் செருகுங்கள். சாதாரண ஸ்போக் 2 மில்லிமீட்டர் கனம். துளையை அதைவிடச் சற்றே சிறியதாகப் போட்டு, கம்பியைச் சூடாக்கி உள்ளே தள்ளினால் ஆறும்போது இறுகிவிடும். இப்படிச் செய்த ஊசி, கம்பெனி கொடுத்ததைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் இங்கும் அதே கேள்வி உண்டு: கிளவ் பாக்ஸுக்குள் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? காப்பீட்டுத் தாள், பழைய சர்வீஸ் பில்கள், டார்ச், ஒரு ஸ்பேனர் செட், திருப்பதி லட்டுப் பையில் சுற்றிய ஃபியூஸ்கள் என்று மூன்று கிலோவைச் சுமக்கும் மூடிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஏ.சி. வாயின் தகடுகளுக்கும் இதே முறையின் சின்ன உருவம்தான். ஒவ்வொரு தகட்டின் இரு முனையிலும் ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒரு மூக்கு இருக்கும், உடைவது அது. தகடு கிடைத்துவிட்டது என்றால், முனையின் நடுவில் குண்டூசியை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்தியில் சூடாக்கி, நேராகச் செருகுங்கள். ஆறியபின் தலைப் பக்கத்தை வெட்டி, 2 மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். ஏ.பி.எஸ். என்றால் ஊசியின் அடியில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு, அதன் மேல் ஆப்பசோடாவை ஒரு சிட்டிகை தூவினால் அந்த நொடியே கல்போல் இறுகும். விரலில் பட்டால் சுடும், நெடியும் ஏறும், கவனம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக் ஆவி வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால், தகட்டை வெளியே எடுத்து வைத்தே இதைச் செய்ய வேண்டும். இங்கும் தகடுகளை இணைத்து ஆட்டும் பின்பக்கக் குச்சி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்; அழுக்கில் இறுகிய குச்சியை வலுக்கட்டாயமாகத் திருப்பியதால்தான் மூக்குகள் முறிந்திருக்கும்.

ஏ.பி.எஸ். சட்டம் ஏதாவது விண்டிருந்தால், அதே பாகத்தின் மறைவான ஓரத்தில் சீவிய துகள்களை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, அதையே பசையாகப் பூசலாம். பாகமும் ஒட்டும் பொருளும் ஒன்றே என்பதால் ஒரு நாள் காய்ந்தபின் அது ஒட்டுப்போட்டதுபோல் இருக்காது, வார்த்ததுபோல் இருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறையிலோ பூஜை விளக்கின் அருகிலோ திறக்காதீர்கள். மீட்டரின் மேல் இருக்கும் தெளிவான மூடியில் ஒரு சொட்டுப் பட்டாலும் அது நிரந்தரமாக மங்கிவிடும்.

சுவிட்ச் எளியது. சட்டத்தோடு நெம்பி எடுத்து, ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு பிரியுங்கள். உள்ளிருக்கும் கடுகளவு ஸ்பிரிங் பறந்தாலும் பைக்குள்ளேயே விழும். செம்பு முனைகளில் கறுப்பாகப் படிந்திருக்கும் கரியைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்து மூடினால் போதும். அதன் பிறகும் கண்ணாடி தயங்கினால், குறை சுவிட்சில் இல்லை. கண்ணாடி ஓடும் ரப்பர் தடம் காய்ந்து, மோட்டார் அதிக மின்சாரம் இழுத்து, அந்தச் சுமையில்தான் சுவிட்ச் கருகியிருக்கிறது. ரப்பருக்குச் சிலிகான் ஸ்பிரே அடியுங்கள், கிரீஸ் வேண்டாம்.

தொட வேண்டாம் என்று நான் சொன்னது கூரைத் துணி. அது தொங்குவது பசை விட்டதால் அல்ல. துணியின் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய ஸ்பாஞ்சு வெயிலிலும் ஈரத்திலும் மக்கி மஞ்சள் மாவாக உதிர்கிறது. மேலிருந்து ஊசி போட்டுப் பசை ஏற்றுகிறவர்களும், ஸ்பிரே பசை அடிக்கச் சொல்கிறவர்களும் அந்த மாவின் மேல்தான் ஒட்டுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் மறுபடி விழும். சரியான வழி, கூரைப் பலகையை முழுதாக வெளியே எடுத்து, மாவைச் சுரண்டி, ஸ்பாஞ்சு சேர்ந்த புதுத் துணியை வெயில் தாங்கும் பசையால் ஒட்டுவது. பலகையை வெளியே எடுப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும், மடித்தால் முறியும். சீட் கவர் கடைகளில் ஒரு நாளில் செய்து கொடுப்பார்கள். கொடுக்கும்போது, பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுக்கும் நிலையில் பலகையை ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்; பழையதன் மேலேயே புதுத் துணியை ஒட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பசைத் துப்பாக்கி என்று கடைகளில் விற்கும் சூட்டுக் குச்சிப் பசையை டேஷ்போர்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெயிலில் சாத்தி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி வரை சூடேறும். அந்தச் சூட்டில் அது இளகிவிடும். இதே காரணத்தால், உடைந்த பாகத்தை 3டி பிரிண்ட் செய்து தருகிறோம் என்பவர்களிடம் எந்தப் பிளாஸ்டிக்கில் என்று கேளுங்கள். அவர்கள் வழக்கமாக எடுக்கும் பி.எல்.ஏ. 60 டிகிரியிலேயே வளைந்துவிடும்; ஏ.பி.எஸ். அல்லது ஏ.எஸ்.ஏ.யில் கேட்டு வாங்குங்கள். சீட் பெல்ட்டின் கொக்கியோ, பெல்ட்டோ, சீட்டை நகர்த்தும் தடமோ பழுதானால், கைப்பிடிக்குச் சொன்ன அதே விதிதான்: பழுது பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மகன் சொல்வதைப் பற்றி: 2006இல் பதிவான காரை 15 ஆண்டு முடிந்து 2021இல் ஒருமுறை மறுபதிவு செய்திருப்பீர்கள், அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும். அடுத்த புதுப்பிப்பைச் செய்வதா என்பதை இன்ஜினையும், அடித்தளத் தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன உட்புற வேலைகளில் எதுவும் ஒரு காரை விற்பதற்கான காரணம் ஆகாது.

வாங்கும் இடத்துக்கு வருகிறேன். கைப்பிடிக்கு முதலில் ஜே.சி. ரோட்டு வண்டிப் பாகக் கடைகளில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சிவாஜிநகர் குஜரிக் கடைகளில், அதாவது பழைய சாமான் கடைகளில், பிரித்த கார்களின் பாகங்களில் தேடலாம். சட்டம், மூடி, கிளவ் பாக்ஸ் போன்றவற்றுக்கு நான் குஜரியையே விரும்புவேன், ஏனெனில் அங்கே கிடைப்பது கம்பெனி வார்த்த அசல் பாகம், நிறமும் வெயிலில் உங்கள் காரைப் போலவே மங்கியிருக்கும். கைப்பிடியை மட்டும் புதியதாக வாங்குங்கள். இன்னொரு காரில் இருபது ஆண்டு இழுபட்டதை வாங்கி மாட்டுவதில் பொருளில்லை. டோர் பேட் கிளிப் ஒரு டஜன் சேர்த்து வாங்குங்கள், கழற்றும்போது பாதி உடையும். பெயரும் ஆண்டும் சொன்னால் போதாது, உடைந்த கைப்பிடியைத் துண்டுகளோடு கையில் கொண்டுபோங்கள். ஓட்டுநர் பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் கைப்பிடி வேறு, ஒரே மாடலில் நடுவில் வடிவம் மாறியதும் உண்டு. "இதுவும் சேரும்மா" என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டினால், திருகுத் துளைகளைப் பழையதன் மேல் வைத்து ஒத்துப் பாருங்கள். பிறகு திருப்பி, கேபிள் முனை மாட்டும் கொக்கி அதே பக்கத்தில், அதே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.